இருபத்தேழாம் நம்பருக்குப் பொட்டு

பையைக் கீழ வைங்க. பைக்கும் சேத்து டிக்கெட் வாங்கினீங்களா? இல்லல்ல? அப்ப மடியில வச்சிக்குங்க. ஒரு பெரிய மனுஷன் நின்னுக்கிட்டு வர்றான், சீட்டுல பை ஒக்காந்துக்கிட்டு வருது. நல்லா இருக்குதே நியாயம்.

ஜன்னல் பக்கம் நான் ஒக்காந்துக்கறேன். தள்ளுங்க. ஆங். இன்னொண்ணு, தூக்கம் வந்தா அந்தப் பக்கம் சாயுங்க, இந்தப் பக்கம் சாயாதீங்க. சட்டைப் பாக்கெட்டுல ஒரு பொட்டலம் இருக்கு. நசுங்கக் கூடாது. மருந்து இல்ல, விபூதியும் இல்ல. சாட்சி. ஒரு பொம்பளையோட உத்தியோகத்தக் காலி பண்ணப் போற சாட்சி. பதினோரு மணிக்கு விசாரணை. இந்த டிரைவர் இப்படி உருட்டிக்கிட்டே போனான்னா பதினொண்ணுக்கு நான் போய்ச் சேந்த மாதிரிதான்.

என் பேர் எத்திராஜ். ஸ்பெஷல் எஸ்.ஐ., ரிட்டயர்டு. ஆயுதப்படை. எந்த மாவட்டம்னு கேக்காதீங்க, டிபார்ட்மென்ட் விஷயம், சொல்ல மாட்டேன். ஆயுதப்படைன்னா ஸ்டேஷன்ல ஒக்காந்து புகார் எழுதற போலீஸ் இல்ல. துப்பாக்கி தூக்கற போலீஸ். அதுலயும் நான் துப்பாக்கி கத்துக்குடுக்கிற போலீஸ். என்கிட்ட கத்துக்கிட்டவன் எத்தனை பேர்னு நானே எண்ணினது இல்ல. ரோட்டுல பாத்தா இன்னிக்கும் சல்யூட் அடிப்பான். அடிக்காம போறவனும் இருக்கான், அவனுங்களையும் எனக்குத் தெரியும்.

உங்க கையில என்ன, கிரீஸா? மெக்கானிக்கா? டூ வீலரு? நல்லதாப் போச்சு, உங்களுக்குச் சொன்னா புரியும். நேத்து ஒரு வக்கீல்கிட்ட சொன்னேன், கடைசி வரைக்கும் கேட்டுட்டு "எஸ்.எல்.ஆர்.னா என்னங்க"ன்னான். வக்கீலாம்.

எஸ்.எல்.ஆர்.னா தானா தோட்டா போட்டுக்கிற துப்பாக்கி தம்பி. பழைய துப்பாக்கியில ஒவ்வொரு தடவை சுட்டதும் கையால இழுத்து அடுத்த தோட்டாவ ஏத்தணும். இதுல வேண்டாம். ஒரு குண்டு வெடிச்சா அந்தப் புகை இருக்குதே, அந்த கேஸு, அதுல கொஞ்சம் மேல ஒரு ஓட்டை வழியா ஏறி ஒரு தண்டைப் பின்னால தள்ளும். தண்டு போய் இடிச்சா காலித் தோட்டா வெளிய தெறிக்கும், அடுத்தது உள்ள ஏறும். நீங்க விசையை விட்டு விட்டு அமுக்கினா போதும். புரியுதா? உங்க இன்ஜின்ல பிஸ்டன் மாதிரிதான். அந்தத் தண்டு வழுக்கிக்கிட்டுப் போய் வரணும். அதுல தடங்கல் வந்தா துப்பாக்கி நின்னு போயிடும். பாடம் எடுக்கறப்ப மொத நாளே இதைத்தான் சொல்லுவேன். பசங்க மனப்பாடமா ஒப்பிப்பானுங்க.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கட்டையில பெயின்ட்ல ஒரு நம்பர் எழுதியிருக்கும். என்னோடது இருபத்தேழு. அரசாங்கத்தோடதுதான், எனக்குத் தெரியாதா? ஆனா டூட்டிக்குப் போறப்ப நான் வேற எதையும் தொட்டதில்ல. தேர்தல் பந்தோபஸ்து, மந்திரி வருகை, தேர்த் திருவிழா, பேங்க் பணத்துக்குக் காவல், எல்லாத்துக்கும் அதுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட என்னைக் கைவிட்டதில்ல. அந்த நம்பகம் இருக்குதே, அது பொண்டாட்டிகிட்ட கூடக் கிடைக்காது.

என்னது? எத்தனை தடவை சுட்டேனா?

நல்லா கேட்டீங்க போங்க. பந்தோபஸ்துல எவன் சுடுவான்? தோள்ல மாட்டிக்கிட்டு நின்னா கூட்டம் தானா ஒதுங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பிராக்டிஸ், அதுல நாலஞ்சு ரவுண்டு. அப்பவும் எனக்கு வேலை மத்தவனைத் திருத்தறதுதான், நான் படுத்து சுடறதுக்கு நேரம் ஏது? சுட வேண்டிய அவசியமே வரல தம்பி. அதுதான் நல்ல துப்பாக்கிக்கு அடையாளம். உங்களுக்கெல்லாம் சொன்னா சிரிப்பு.

ஆயுத பூஜைக்கு வர்றேன். அங்கதான் அந்தப் பொம்பளை ஆரம்பிச்சா.

எங்க ஆயுதப்படையில பூஜை எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க? துப்பாக்கி வைக்கிற ரூமைக் கழுவி, மாக்கோலம் போட்டு, எல்லாத் துப்பாக்கியையும் வரிசையா நிறுத்தி, வாழைக்கன்னு கட்டி, எஸ்.பி. வந்து கற்பூரம் காட்டுவார். இருபத்தேழுக்குப் பொட்டு வைக்கிறது நான். மத்தவனுங்க கடையில சந்தனப் பொடி வாங்கித் தண்ணியில கரைச்சு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி ஆளுக்கொண்ணு அப்பிட்டுப் போவானுங்க. மத்த துப்பாக்கிக்கு அது போதும். இருபத்தேழுக்கு நான் வீட்டுலயே சந்தனக் கட்டையை இழைச்சு, பன்னீர் விட்டு, அதுல துளி பச்சைக் கற்பூரம் போட்டுக் கொண்டுட்டுப் போவேன். எங்கப்பா பெருமாள் கோயில்ல சந்தனம் அரைச்சவரு, அவரு பக்குவம் அது. இந்த ஜில்லாவுலயே அந்தப் பக்குவம் எனக்கு மட்டும்தான் வரும். ரூமே மணக்கும். எஸ்.பி.யே கேட்டிருக்கார், "என்ன எத்திராஜ், கோயிலுக்கு வந்துட்டோமா"ன்னு.

பொட்டை எங்க வைக்கணும்? நெத்தியில. நீங்க வண்டிக்கு எங்க வைப்பீங்க? ஹெட்லைட்டு மேல. ஏன்னா அதுதான் அதுக்கு நெத்தி. துப்பாக்கிக்கு நெத்தின்னா குழலுக்கு மேல முன்னால முட்டிக்கிட்டு நிக்குமே ஒரு இடம், நான் சொன்னேனே, கேஸு ஏறுற இடம், அது. அங்க நாலு விரல் சந்தனம் எடுத்து, வழியற மாதிரி, தாராளமா வைப்பேன். தாராளமா வச்சாத்தான் அழகு. அதைத் துடைக்கக் கூடாது. தானா காஞ்சு தானா உதிரணும். அது என் கண்டிஷன்.

நான் ரிட்டயர் ஆக ரெண்டு மூணு வருஷம் இருக்கறப்ப புதுசா ஆர்மரர் வந்தா. ஆர்மரர்னா துப்பாக்கி ரிப்பேர் பாக்கற ஆளு. பேரு அஞ்சுகம். ஹெட் கான்ஸ்டபிள். குட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு, எப்பப் பாத்தாலும் கையில ஒரு துணி. சிரிக்கவே மாட்டா. மத்தவங்ககிட்ட சிரிப்பாளாம், அது எனக்குத் தெரியாது. நான் சந்தனக் கிண்ணத்தோட குனியறேன், பின்னாலேருந்து குரல் வருது.

"சார், கட்டையில வைங்க சார். இரும்புல வேணாம். அந்த இடத்துல வேணவே வேணாம்."

எஸ்.பி. நிக்கிறாரு. ஆர்.ஐ., எங்க ஆயுதப்படைக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர், அவரும் நிக்கிறாரு. நான் திரும்பிப் பாத்தேன். "ஏம்மா, நீ பொட்டை நெத்தியில வச்சிக்குவியா, முதுகுல வச்சிக்குவியா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. எஸ்.பி.யே சிரிச்சாரு. அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? மறுநாள் காலையில போய்ப் பாக்கறேன், துணியை வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா துடைச்சிக்கிட்டு வர்றா. இருபத்தேழுக்கு வரல, அதுக்குள்ள நான் போயிட்டேன். "கை வச்சே, நல்லா இருக்காது"ன்னு சொன்னேன்.

"சார், உள்ள போயிருக்கும் சார். முன் மூடியைத் திறந்து தண்டைத் துடைச்சிட்டு அப்படியே வச்சிடறேன்."

"இருபத்தேழோட மூடியை யாரும் திறக்கறது இல்ல. நானே திறக்கறது இல்ல. தொடாம வச்சிருக்கிறதுதான் அதோட ராசி."

ஆர்.ஐ.கிட்ட போய்ச் சொன்னேன். அவரு தயாளன், நல்ல மனுஷன், பெரியவங்களுக்கு மரியாதை தெரிஞ்சவரு. அவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் கண்டிச்சிட்டாரு. அன்னிலேருந்து அந்தப் பொம்பளைக்கு என் மேல வன்மம். எழுதி வச்சிக்குங்க, அங்கேருந்துதான்.

எவன் போன் அடிக்கிறான்? என்னோடதா? இருங்க... பரணி. என் பையன். எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். காலையிலேருந்து அடிச்சிக்கிட்டே இருக்கான்.

எங்க விட்டேன்? ஆங், வன்மம். அடுத்தது துப்பாக்கி பொறுக்கினப்ப. ரெண்டு வருஷம் கழிச்சு, எனக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குற சமயம். எங்களுக்குப் புது ரகத் துப்பாக்கி வருது, பழைய எஸ்.எல்.ஆர்.ல நல்லதா பாத்துப் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புங்கன்னு உத்தரவு. பயிற்சிப் பள்ளின்னா சும்மா இல்ல தம்பி. இங்க ஒருத்தன் வருஷம் பூரா சுடறதை அங்க ஒரு பையன் ஒரு காலையில சுட்டுடுவான். ஒருத்தன் எழுந்தா அடுத்தவன் படுப்பான், துப்பாக்கிக்கு ஓய்வே இருக்காது. சூடு ஆறாது. கத்துக்காத பசங்க போட்டு அடிப்பானுங்க, கீழ போடுவானுங்க, மண்ணுல தேய்ப்பானுங்க. அதைத் தாங்குற துப்பாக்கியாப் பொறுக்கி எடுக்கணும். பொறுக்க மூணு பேர். ஆர்.ஐ., நான், அவ.

கவாத்து மைதானத்து ஷெட்டுல தார்ப்பாய் விரிச்சு எல்லாத்தையும் அடுக்கியாச்சு. என் பழக்கம் எப்படின்னா, கையில எடுப்பேன். கண்ணை மூடிக்குவேன். கைக்கு எப்படி ஒக்காருதுன்னு பாப்பேன். ஒரு தடவை இழுத்து விட்டுச் சத்தம் கேப்பேன். கட்டையோட நிறம் பாப்பேன், கட்டை கறுத்திருந்தா நிறைய கை பட்டதுன்னு அர்த்தம், வேணாம். நம்பர் பாப்பேன். எட்டு வர்ற நம்பர் ஒண்ணு கூட எடுக்கல. இருபத்தேழு கூட்டினா ஒம்போது, அதுக்கு மேல என்ன வேணும்?

அவ எப்படிப் பாத்தான்னு கேளுங்க. ஒவ்வொண்ணுக்கும் முன் மூடியைத் திறந்து, துப்பாக்கியைச் சாய்ச்சுப் பிடிக்கிறா. தண்டு தானா வழுக்கிக்கிட்டு அவ உள்ளங்கையில வந்து விழணும். விழுந்தா இந்தப் பக்கம், விழலைன்னா அந்தப் பக்கம். குழலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கறா. ஸ்பிரிங்கை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி உயரம் பாக்கறா. காய்கறி மார்க்கெட்டுல கத்தரிக்காய் பொறுக்கறவ மாதிரி. மத்தியானம் ஆயிடுச்சு, பாதி கூட முடியல. கட்டை கறுத்துப் போன, உடைஞ்சு ஆணி அடிச்ச கழிசடை எல்லாம் அவளுக்கு நல்லதாப் படுது. நான் எடுத்து வச்ச புத்தம் புதுசு மாதிரி இருக்கிறதையெல்லாம் தள்ளிட்டா.

இருபத்தேழுகிட்ட வந்தா. நான் அது மேல கையை வச்சேன். "இதைத் திறக்க வேணாம். இது போகுது."

"திறக்காம எப்படி சார் சொல்றது?"

"நான் சொல்றேன்ல?"

அவ குனிஞ்சு, மூடியைத் தொடாம, பின்னால கைப்பிடியை மட்டும் இழுத்து மெதுவா விட்டா. காதை வச்சுக் கேட்டா. அப்புறம் என்னைப் பாக்காம ஆர்.ஐ.யைப் பாத்து, "தண்டு இழுக்குது சார். நிறைய சுட்டா நின்னுடும். பந்தோபஸ்துக்கு வேணா தோள்ல மாட்டலாம், ட்ரெயினிங்குக்கு ஆகாது"ன்னா.

தோள்ல மாட்டலாமாம். நான் காலமெல்லாம் தோள்ல மாட்டினதைச் சொல்றா. என் சர்வீஸையே எடுத்துக் குப்பையில போட்ட மாதிரி இருந்துச்சு. ஆர்.ஐ. கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "சார், நான் வேணுமா, இவ வேணுமா?" அவரு என்ன பண்ணுவாரு, ரிட்டயர் ஆகப் போற மனுஷனை நோகடிக்கக் கூடாதுன்னு, "எத்திராஜ் சொன்னா சரியா இருக்கும், அனுப்புங்க"ன்னுட்டாரு. இருபத்தேழு வண்டி ஏறிடுச்சு. அவ அந்தத் துணியை உதறி மடிச்சுப் பாக்கெட்டுல வச்சிக்கிட்டுப் போனா. அந்தத் திமிரைத்தான் என்னால தாங்க முடியல.

அந்த வருஷம்தான் என் பையன் பரணி போலீஸ்ல சேந்தான். அவன் ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் முடிச்சிட்டு ஏதோ கம்பெனிக்குப் போறேன்னான். கம்பெனியில என்ன இருக்கு? காக்கி போடுன்னேன். போட்டான். அதே பயிற்சிப் பள்ளி. பிரின்சிபால் எனக்குத் தெரிஞ்சவரு, ஒரு வார்த்தை சொல்லி இருபத்தேழு என் பையனுக்கு வர்ற மாதிரி பண்ணிட்டேன். பரணி போன்ல சொன்னான். "அப்பா, வேற துப்பாக்கி வாங்கிக்கறேன்பா. இது பிராக்டிஸ்லயே அப்பப்ப நிக்குது"ன்னு. நான் சொன்னேன், "டேய், நிக்கிறது துப்பாக்கி இல்ல, உன் கை. உனக்கு எது நல்லதுன்னு அப்பாவுக்குத் தெரியும், பேசாம சுடு."

கடைசிப் பரீட்சை. அன்னிக்கு நானும் போயிருந்தேன். ரிட்டயர் ஆயிட்டாலும் எனக்கு நாற்காலி போட்டாங்க. துப்பாக்கி எங்க மாவட்டத்தோடதுங்கிறதால அஞ்சுகத்தையும் அங்க டூட்டி போட்டிருந்தாங்க. ஷெட்டு ஓரமா அந்தத் துணியோட நிக்கிறா.

பசங்க வரிசையாப் படுத்தானுங்க. விசில் அடிச்சாச்சு. பரணி மொத குண்டு, நடு வட்டத்துல. எனக்கு எழுந்து கை தட்டணும் போல இருந்துச்சு. ரெண்டாவது வரல. காலித் தோட்டா பாதி வெளிய வந்து வாயில மாட்டிக்கிட்டு நிக்குது. கையால இழுத்து எடுத்தான். சுட்டான். திரும்ப நின்னுச்சு. திரும்ப இழுத்தான். பக்கத்துல இருக்கிறவனுங்க படபடன்னு முடிச்சிட்டு எழுந்து நிக்கிறானுங்க. இவன் மட்டும் படுத்துக்கிட்டு இழுக்கறான், சுடறான், இழுக்கறான். வியர்வை ஊத்துது. டைம் முடிஞ்சு விசில் அடிச்சப்ப பாதிக் குண்டு உள்ளேயே கெடக்குது. அங்க இருந்த வாத்தியான், என்கிட்டயே கத்துக்கிட்டவன் அவன், "ஏண்டா, அப்பன் வந்து ஒக்காந்தா கை ஓடாதா"ன்னு கத்தறான். எல்லாரும் சிரிக்கிறானுங்க.

பரணி எழுந்திரிச்சு என்னைப் பாத்தான். திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல. சும்மா பாத்தான். அது எனக்கு இன்னும் வலிக்குது தம்பி. சோறு தின்னும்போது கூட அந்தப் பார்வை வருது.

அப்பதான் அவ ஓடி வர்றா. "சார், பிரிச்சுப் பாக்கட்டுமா சார்? இப்பவே பாத்துடலாம்." நான் விடுவேனா? துப்பாக்கியைப் பிடுங்கிக்கிட்டேன். "நீ வேணும்னே பண்ணிட்டு, இப்பப் பிரிச்சு மறைக்கப் பாக்கறியா? தொட்டின்னா கையை ஒடிச்சிடுவேன்!" மைதானம் பூரா கேட்டுச்சு. கேக்கட்டும்னுதான் கத்தினேன்.

பரணியை அடுத்த பேட்ச்சோட சேத்துட்டாங்க. கூடப் படிச்சவனெல்லாம் பரேடுல நடந்து போறான், இவன் தண்ணி டேங்க் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கான். அந்தப் பரேடுக்குன்னு என் சம்சாரம் பட்டுப் புடவை எடுத்து வச்சிருந்தா. இன்னும் பீரோவுல அப்படியே இருக்குது. நான் சும்மா இருப்பேனா? எஸ்.பி., டி.ஐ.ஜி., முதலமைச்சர் தனிப்பிரிவு, யாரையும் விடல. ஆர்மரர் பழிவாங்குற எண்ணத்துல துப்பாக்கியைக் கெடுத்துட்டாள்னு மனு போட்டேன். அவளுக்குச் சார்ஜ் மெமோ குடுத்து விசாரணை வச்சாங்க. அவளுக்கு எஸ்.ஐ. ப்ரமோஷன் வரவேண்டியது நின்னு போச்சு. அவளுக்குக் கீழ இருந்தவன் எல்லாம் எஸ்.ஐ. ஆயிட்டான், அவ இன்னும் ஹெட்டு. இருக்கட்டும். இருபத்தேழை எங்க ஆயுதப்படைக்கே திருப்பிக் கொண்டு வந்து, விசாரணை முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு தனியா சங்கிலி போட்டுப் பூட்டிட்டாங்க. அதுவும் நான் கேட்டதுதான். நிபுணர் வர்றாரு, வர்றாருன்னு இத்தனை நாள் இழுத்தாங்க. இன்னிக்கு வர்றாராம். எல்லார் முன்னாடியும் திறந்து பாக்கப் போறாங்களாம்.

இதுல பெரிய கூத்து என்ன தெரியுமா? என் பையன் பாஸ் பண்ணி வந்தான்ல, வந்தவன் ஆர்மரர் கோர்ஸுக்கு எழுதிக் குடுத்துட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. முடிச்சிட்டு வந்து நம்ம ஆயுதப்படையிலேயே, அவளுக்குக் கீழ, அதே ரூமுல வேலை பாக்கறான். அவளை அக்காங்கிறான். "அக்கா மாதிரி வேலை தெரிஞ்சவங்க இல்லப்பா"ங்கிறான். தன் வாழ்க்கையைக் கெடுத்தவளுக்குப் போய் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிறான். இன்னிக்கு விசாரணையில அவனும் சாட்சி. யாருக்கு? அவளுக்கு. பெத்த அப்பன் புகார் குடுத்திருக்கேன், பையன் எதிர்ச் சாட்சி. எந்த வீட்டுலயாவது நடக்குமா இது? எனக்குச் சோறு எறங்கல, அவன் சாதாரணமா சாப்பிட்டுட்டுப் போறான்.

போன ஞாயித்துக்கிழமை டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தான். நான் டி.வி. பாத்துக்கிட்டு இருக்கேன். டி.வி.யை நிறுத்திட்டு எதிர்ல ஒக்காந்தான். ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு டீப்பாய் மேல வச்சான். மஞ்சளும் கறுப்புமா, காய்ஞ்ச சில்லு மாதிரி ஒரு கட்டி. கல்லு மாதிரி இருக்குது.

"என்னடா இது?"

"இருபத்தேழோட மூடியைத் திறந்தேன்பா. தண்டைச் சுத்திப் பாறையா ஒட்டியிருக்கு. சூட்டுல வெந்து கெட்டியாகியிருக்கு, வருஷ வருஷமா. கொஞ்சம்தான் சுரண்டி எடுத்தேன். மீதி உள்ளேயே இருக்கு."

"சங்கிலி போட்டிருந்ததே?"

"சாவி என்கிட்டதான் இருக்கு. திறக்கக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சா என் வேலை போயிடும்பா. இன்னும் யார்கிட்டயும் காட்டல, அக்காகிட்டக் கூட. உங்களுக்கு மட்டும்தான் காட்டறேன். புதன்கிழமை எல்லார் முன்னாடியும் திறப்பாங்க. அதுக்குள்ள நீங்களே போய்ப் புகாரை வாபஸ் வாங்கிடுங்கப்பா. வயசாயிடுச்சு, முடியலன்னு சொல்லுங்க, விட்டுடுவாங்க."

எனக்கு ஒண்ணும் புரியல. என் சம்சாரம் சமையல்கட்டுலேருந்து வந்தா. அந்தக் கட்டியை எடுத்தா, மூக்குகிட்ட வச்சு மோந்தா. மோந்துட்டு என் கையைப் பாத்தா. மூஞ்சியை இல்ல, கையை. அப்படியே வச்சிட்டு உள்ள போயிட்டா. அன்னிலேருந்து என்கூடப் பேசறது இல்ல. சோத்தைப் போட்டுட்டு, தட்டைத் தள்ளிட்டுப் போறா. பையன் அப்படி, பொண்டாட்டி இப்படி. அந்தப் பொம்பளை என் குடும்பத்தையே கலைச்சிட்டா பாருங்க.

ரெண்டு நாள் யோசிச்சேன். நேத்து ராத்திரிதான் பட்டுன்னு புரிஞ்சுது. அவ வேலைதான் இது! அவதான் சந்தனத்தை உள்ள கொட்டி அடைச்சிருக்கா. ஏன்? மாட்டினா என் மேல பழி போடலாம்ல, பொட்டு வைக்கிறவன் நான்தானேன்னு. எவ்ளோ நாள் திட்டம் பாருங்க! காலையில பரணி குளிக்கப் போனதும் அவன் பையிலேருந்து பொட்டலத்தை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

இந்தாங்க. மெதுவா, ஒடைஞ்சிடப் போகுது. மோந்து பாருங்க. இத்தனை சூட்டுல வெந்தும் வாசனை போகல பாத்தீங்களா? பன்னீர் தெரியுதா? அடியில பாருங்க, சுருக்குன்னு ஏறும், பச்சைக் கற்பூரம். எங்கப்பா பக்குவம். அப்படியே அதே.

என்ன கேக்கறீங்க? வேற யாரு அப்படிப் போடுவாங்களா? யாரும் போட மாட்டாங்க. நான்தான் சொன்னேனே, ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். அதைத்தான் விசாரணையில கேக்கப் போறேன். என் வீட்டுல இழைக்கிற சந்தனம் அவ கைக்கு எப்படிப் போச்சு? பதில் சொல்லட்டும். பதிலே இருக்காது.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் என் சம்சாரம் மாதிரி கையைப் பாக்கறீங்க. கையில என்ன இருக்கு? குடுங்க பொட்டலத்தை. வாய்ல சொல்லுங்க, சொல்ல வந்ததை.

பையன் வேலையா? அவன் வேலைக்கு என்ன? பூட்டைத் திறந்தான்னு தெரிஞ்சா தெரியட்டும். உண்மையைக் கண்டுபிடிச்சவனை எவன் தண்டிப்பான்? நான் எதிர்ல நின்னு சொல்லுவேன், ஐயா, என் பையன்தான் தைரியமாத் திறந்து எடுத்தான், சாவி அவன்கிட்டதான் இருந்துச்சுன்னு. மெடல் குடுக்கணும் அவனுக்கு. நான் இருக்கறப்ப அவனை எவன் தொடுவான்? நீங்க மெக்கானிக், வண்டியைப் பாருங்க. டிபார்ட்மென்ட் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்.

திரும்ப அடிக்கிறான். சரி, எடுக்கறேன், இல்லாட்டி விட மாட்டான்.

"சொல்றா... பஸ்ஸுல இருக்கேன்... ஆமா, என்கிட்டதான் இருக்கு. பத்திரமா இருக்கு... டேய், ஏன்டா அழறே? அழாதே. ஆம்பளைப் புள்ளை அழுவாங்களா? தூக்கியெல்லாம் போட முடியாது, கையோட எடுத்துக்கிட்டுத்தான் வர்றேன். எல்லார் முன்னாடியும் பிரிச்சு வைக்கிறேன், நீ பக்கத்துல வந்து நில்லு. போதும். பயப்படாதே பரணி. உனக்கு எது நல்லதுன்னு அப்பாவுக்குத் தெரியும்."

கட் பண்ணிட்டான்.

காலை மடக்குங்க. எழுந்திரிக்கணும், என் ஸ்டாப்பு வந்திடுச்சி.